நைட் சிட்டி நம்ம வீட்டில் ஓடுமா? சைபர்பங்க் 2077-க்கு பிசி வாங்கும் வடசென்னைக்காரர்களின் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள ஏரியாக்களிலும் யாராவது கேம் ஆட பிசி வாங்குவதென்றால், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும் முன் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிடுவார்கள். பார்ட்ஸ் தேர்ந்தெடுத்துக் கொடுப்பேன், அசெம்பிள் செய்து தருவேன், பிறகு "அண்ணா, ஸ்டக் ஆகுது" என்று வந்தால் போய்ப் பார்ப்பேன். கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதேதான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உதாரணத்துக்கு சைபர்பங்க் 2077-ஐ எடுத்துக்கொண்டேன். நைட் சிட்டி என்ற கற்பனை நகரத்தில் நடக்கும் கேம், 2020 டிசம்பர் 10-ல் வந்தது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு அதன் தேவைகளும் கூடின. கார்டு (திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு), பிராசஸர், ரேம், டிஸ்க் என்று பிசியின் எல்லா பாகத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை வைக்கும் கேம் இது. இதில் சீராக ஓடும் பிசி மற்ற ஓப்பன் வேர்ல்ட் (ஊர் முழுக்க இஷ்டப்படி சுற்றும்) கேம்களிலும் அநேகமாகக் கைவிடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூட்யூபில் ஏசி அறையில் ஓடும் கார்டும், மே மாதம் நம் மொட்டைமாடி அறையில் ஓடும் அதே கார்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. வெயில், கரண்ட், உப்புக்காற்று இந்த மூன்றுக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள்.

கேம் கம்பெனி சொல்லும் மினிமம், ரெகமண்டட் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

நம்பலாம், ஆனால் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். மினிமம் என்றால் கார்டு ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி அல்லது ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, 12 ஜிபி ரேம், 70 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேக டிஸ்க்). இதில் கிடைப்பது 1080பி (திரையின் பிக்சல் அளவு), லோ செட்டிங், 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், என்ற கணக்கு). ரெகமண்டட் என்றால் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி, 16 ஜிபி ரேம். இது 1080பி, ஹை, 60 எஃப்பிஎஸ்ஸுக்கு.

ரெகமண்டட் வரிசையில் பிராசஸராக ஐ7-12700-ஐயும் ரைசன் 7 7800 எக்ஸ்3டி-யையும் போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே வேகம் கொண்டவை இல்லை, 7800 எக்ஸ்3டி கேமிங்கில் நன்றாகவே முன்னால் நிற்கும். ரே டிரேசிங் (வெளிச்சம் நிஜம்போல் பட்டுத் திரும்புவதைக் கணக்கிடும் வசதி) இல்லாமல் 60 போதும் என்றால் ரைசன் 5 5600-ஓ ஐ5-12400எஃப்-ஓ இருந்தாலே ஆடலாம்.

கையில் இருக்கும் காசை எப்படிப் பிரிப்பது?

மானிட்டர் தவிர்த்த தொகையில் 40 சதவீதம் வரை கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். அடுத்து நல்ல எஸ்எம்பிஎஸ் (பிசியின் பாகங்களுக்குக் கரண்ட் தரும் பெட்டி), காற்று போகும் கேபினெட். இந்த இரண்டில் கை வைக்காதீர்கள். மீதியில்தான் பிராசஸர், போர்டு (மதர்போர்டு), ரேம், எஸ்எஸ்டி. கலர் லைட் ஃபேனுக்குக் காசை ஒதுக்கிவிட்டு கார்டில் ஒரு படி இறங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அந்த வெளிச்சம் ஒரு வாரத்தில் பழகிவிடும். கார்டு நாலைந்து வருஷம் கூட வரும்.

எந்த கார்டு? 8 ஜிபி மெமரி போதுமா?

1080பி மானிட்டர், டெக்ஸ்ச்சர் (சுவர், துணி மாதிரி மேற்பரப்புகளின் படம்) ஹை, ரே டிரேசிங் இல்லை என்றால் சைபர்பங்க்குக்கு 8 ஜிபி இன்னும் சமாளிக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 இரண்டும் இந்த வகை. ஆனால் இன்று புதிதாகக் காசு போட்டு வாங்குபவருக்கு நான் 12 அல்லது 16 ஜிபி என்றுதான் சொல்வேன். ரே டிரேசிங்கைப் போட்டாலோ, ஃபிரேம் ஜெனரேஷனைப் (கார்டே நடுவில் ஃபிரேம் உண்டாக்குவது, பின்னால் சொல்கிறேன்) போட்டாலோ அதுவும் மெமரியைத் தின்னும். மெமரி நிரம்பிவிட்டால் ஆவரேஜ் எஃப்பிஎஸ் ஒழுங்காகத்தான் தெரியும். வண்டியை வேகமாக ஓட்டும்போது மட்டும் படம் திடீரென ஒரு வெட்டு வெட்டி நிற்கும், சுவர்கள் மங்கலாக நிற்கும்.

இந்த அளவில் பார்க்க வேண்டியவை: ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி. முதல் இரண்டும் 8 ஜிபியிலும் அதே பெயரில் விற்கின்றன. பில்லில் 16 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு, ஆனால் போர்டில் ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டின் முழு மெமரியையும் எட்ட விடும் செட்டிங்) ஆன் ஆகியிருக்க வேண்டும், பழைய பிராசஸரோடு சேர்த்தால் அதன் வேகம் குறையும். ஆறேழு வருஷத்துப் போர்டு வைத்திருப்பவர்கள் அதை எடுக்க வேண்டாம்.

1440பி மானிட்டர் வாங்கலாமா அண்ணா?

1080பி-யில் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி-யில் 36.9 லட்சம். கிட்டத்தட்ட 1.8 மடங்கு. கார்டுக்கு அந்த அளவு பலம் இருந்தால் வாங்குங்கள். பி580-க்குக் கீழே இருக்கும் கார்டு என்றால் நல்ல 1080பி மானிட்டரே போதும், ஆனால் ஃபிரீசிங்க் (கார்டு தரும் ஃபிரேமுக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றும் வசதி) இருக்கட்டும்.

பிராசஸர் எவ்வளவு முக்கியம்?

இந்த கேமில் முக்கியம். நைட் சிட்டி கூட்டமான ஊர். பாரிமுனையில் சாயங்காலம் ஆறு மணிக்கு எத்தனை பேர் நடக்கிறார்களோ, ஜப்பான்டவுன் செர்ரி பிளாசம் மார்க்கெட்டிலும் அப்படித்தான். ஒவ்வொருவரும் எங்கே நடக்கிறார், எந்த வண்டி எந்தச் சந்தில் திரும்புகிறது என்று கணக்குப் போடுவது பிராசஸர். ஆறு கோர் இல்லாத பிராசஸரை இதற்காக வாங்காதீர்கள். ஏஎம்4 போர்டு (பழைய ரைசன் பிராசஸர்கள் மாட்டும் வகை) ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு 5600 போடுவதுதான் குறைந்த செலவில் பெரிய மாற்றம். புதிதாக எல்லாம் வாங்குபவர் ரைசன் 5 7600 மாதிரி, அடுத்த வகையான ஏஎம்5-ல் தொடங்கினால், பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே 16 ஜிபி ரேம் ஸ்டிக் போட்டால் என்ன?

ஓடும், ஆனால் பிராசஸரின் ஒரு கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஓடும். 8+8 என்று இரண்டு ஸ்டிக்காகப் போட்டால் டூயல் சேனல் (இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் டேட்டா) கிடைக்கும். நாலு ஸ்லாட் இருக்கும் போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். இதைச் செய்யாமல் 3200 வேக ரேமை 2400-ல் வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கும் பிசிகளை நிறைய பார்த்திருக்கிறேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பதால் 32 ஜிபி வாங்கச் சொல்லி யாரையும் நெருக்க மாட்டேன். இந்த கேமுக்கு 16 போதும்.

எஸ்எஸ்டி கட்டாயமா?

ஆமாம். சாதா சாட்டா எஸ்எஸ்டி இருந்தாலும் சரி. பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டால் நீங்கள் வண்டியில் போகும் வேகத்துக்கு ஊர் லோடு ஆகாது.

ரிவ்யூவில் 68 டிகிரி என்கிறார்கள். என் கார்டு 82-ல் நிற்கிறது. கார்டு பழுதா?

பழுது இல்லை. கார்டின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். 23 டிகிரி அறையில் 45 டிகிரி ஏறினால் 68 வரும். அதே கார்டு 37 டிகிரி அறையில் அதே 45 ஏறினால் 82. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி அறையில் மத்தியானம் 37 என்பது அதிசயமில்லை. என்விடியாவின் பல கார்டுகள் 83 பக்கம் போனதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் 60 எஃப்பிஎஸ் ஓடும் கேம் மத்தியானம் 52-ல் தள்ளாடுவதற்குக் காரணம் இதுதான்.

என் வீட்டு ஆர்டிஎக்ஸ் 3060-ல் செய்ததைச் சொல்கிறேன். அதன் பவர் 170 வாட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற, கார்டைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டை 80 சதவீதம் ஆக்கினேன், அதாவது 136 வாட். கேமில் இருக்கும் பெஞ்ச்மார்க்கை (வேகத்தை அளக்கும் சோதனை ஓட்டம்) இரண்டு தடவை ஓட்டினேன். ஆவரேஜ் 62-லிருந்து 58 ஆனது. சூடு 81-லிருந்து 73-க்கு இறங்கியது. ஃபேன் சத்தம் குறைந்ததை அம்மா அடுப்பங்கரையிலிருந்தே கவனித்துவிட்டார். நாலு ஃபிரேமைக் கொடுத்து எட்டு டிகிரியை வாங்கினேன். ஏப்ரலிலிருந்து அப்படியே விட்டுவிடுகிறேன், ஐப்பசி மழை வந்ததும் பழையபடி மாற்றிக்கொள்வேன்.

அப்புறம் கேபினெட். முன்பக்கம் கண்ணாடி மூடியது அழகாக இருக்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. முன்னால் வலை, இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது போதும். பிசியைச் சுவரோடு ஒட்டியோ மர மேசையின் மூடிய அறைக்குள்ளோ வைக்காதீர்கள். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். சீலிங் ஃபேன் ஓடினால் நமக்குத்தான் குளுமை தெரியும், அறை சூடு இறங்காது. ஜன்னலைத் திறந்து சூடான காற்றை வெளியே விட்டால்தான் பிசிக்கு உதவி.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்? 500 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

அந்த 500 ரூபாய் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே பெரிதாக 450 வாட் என்று இருக்கும். கீழே கட்டத்தில் +12வி என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஒரு பெட்டியில் 15 ஆம்பியர் என்று இருந்தது. 12 பெருக்கல் 15 என்றால் 180 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். 170 வாட் கார்டோடு பிராசஸரையும் சேர்த்தால் அந்தப் பெட்டி என்ன செய்யும்? நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் பக்கம் இருக்கும்.

வியாசர்பாடியில் ஒரு தம்பியின் பிசி, கேமில் டாக்டவுன் ஏரியாவுக்குள் நுழைந்தாலே ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் மூன்று தடவை மாற்றிப் போட்டிருக்கிறான். கார்டு போய்விட்டது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். என் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டினேன், இரண்டு மணி நேரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கார்டின் இழுப்பு ஒரு நொடியின் சிறு பகுதிக்குச் சட்டென மேலே தாவும், அதைத் தாங்க முடியாமல் பழைய பெட்டி கைவிட்டிருக்கிறது.

ஆர்டிஎக்ஸ் 4060, 9060 எக்ஸ்டி அளவுக்கு 550 வாட், 5060 டிஐ, பி580 அளவுக்கு 650 வாட் வாங்குங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் என்பது கரண்ட்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை, தரத்துக்கு அதுவே சான்று ஆகாது. அதனால் 5 வருஷமாவது வாரண்டி தரும் மாடலாகப் பாருங்கள். லேபிளில் இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் தனி ஸ்டெபிலைசர் இல்லாமலே சமாளிக்கும்.

கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது. பார்ட் எதுவும் போச்சா?

பெரும்பாலும் பார்ட் போயிருக்காது, வீட்டில் எர்த் இருக்காது. இதை அலட்சியம் செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். அது கொஞ்சம் மின்சாரத்தை எர்த் வழியாகக் கீழே அனுப்பும்படி செய்யப்பட்டது. எர்த் இல்லாவிட்டால் அது போக வழியில்லாமல் கேபினெட் இரும்பிலேயே நிற்கும், மெயின் வோல்டேஜில் பாதி அளவு வரைகூட. ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் அதே நேரத்தில் எச்டிஎம்ஐ, யூஎஸ்பி மாட்டினால் போர்ட் போகலாம். எர்த் இல்லாத வீட்டில் வேறு எங்காவது உண்மையான லீக்கேஜ் வந்தால் உயிருக்கே ஆபத்து.

கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்து எர்த் போடச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்துத்தான் அது.

கரண்ட் கட் ஆகிறது. வீட்டு இன்வெர்ட்டரில் பிசியைப் போடலாமா?

சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் போடலாம். பல இன்வெர்ட்டர்களில் நார்மல், யூபிஎஸ் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும், பிசி ரீஸ்டார்ட் ஆகாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் புது எஸ்எம்பிஎஸ்கள் முரண்டு பிடிக்கும், போடாதீர்கள்.

தனி யூபிஎஸ் என்றால் வாங்கும்போது விஏ-வைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது மானிட்டரோடு 300 வாட் இழுக்கும் பிசிக்கு அது இறுக்கம், 1000 விஏ எடுங்கள். அதுவும் தொடர்ந்து ஆடுவதற்கு இல்லை, சேவ் செய்து நிதானமாக ஆஃப் செய்வதற்கு.

எங்கள் வீடு காசிமேட்டில், கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றுக்கு என்ன செய்வது?

உப்பும் தூசியும் சேர்ந்தால் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கன்டெய்னர் லாரித் தூசியும் சேர்ந்துகொள்ளும். முன்பக்க ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். மாதம் ஒருமுறை ப்ளோயர் பிடியுங்கள், அப்போது ஃபேன் இறக்கை சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும்.

பிசியை மாதக்கணக்கில் மூடிப் போடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது ஓடவிட்டால் உள்ளே வரும் சூட்டில் ஈரம் காயும். ஓடாதபோது பருத்தித் துணியால் மூடலாம், ஓடும்போது துணி இருக்கவே கூடாது. ஒருநாள் திடீரென டிஸ்பிளே வராமல் போனால் பதறாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். கடலோர வீடுகளில் நான் பார்த்த பாதி டிஸ்பிளே பிரச்சினை இதிலேயே தீர்ந்திருக்கிறது.

செட்டிங்ஸில் எதைக் குறைப்பது? எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைக்க ஆசை.

ஆசை புரிகிறது. ஆனால் அல்ட்ராவில் ஓடும் சில விஷயங்களை நின்று உற்றுப் பார்த்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது, கார்டு மட்டும் மூச்சு வாங்கும். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஹை ப்ரீசெட் போட்டு, ரே டிரேசிங்கை ஆஃப் செய்து, பெஞ்ச்மார்க் ஓட்டுங்கள். ஆவரேஜையும் மினிமத்தையும் தாளில் எழுதுங்கள். இனி ஒரு தடவைக்கு ஒரே ஒரு செட்டிங்கை மாற்றுங்கள்.

ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன்ஸ், முதலில் கை வைக்க வேண்டியது இதில். இதன் உச்சத்துக்கு சைக்கோ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அதன் பக்கமே போகாதீர்கள். மழை பெய்த தெருவில் நியான் வெளிச்சம் பிரதிபலிப்பது இந்த கேமின் அழகு என்பதால் முழுக்க ஆஃப் செய்ய எனக்கு மனசு வராது. லோ அல்லது மீடியத்தில் வைத்தால் அழகும் இருக்கும், ஃபிரேமும் மிஞ்சும். அடுத்து வால்யூமெட்ரிக் ஃபாக் (மூட்டம்), வால்யூமெட்ரிக் கிளவுட்ஸ் (மேகம்) இரண்டும் மீடியம். ஆம்பியன்ட் ஆக்லூஷன் (மூலை முடுக்குகளில் விழும் மெல்லிய நிழல்) மீடியம். நிழல்களில் ஒரு படி இறக்குங்கள், வண்டி ஓட்டும்போது யாரும் நிழலின் ஓரத்தைப் பார்ப்பதில்லை.

டெக்ஸ்ச்சரை மட்டும் தொடாதீர்கள், 8 ஜிபி கார்டு என்றால் ஹையிலேயே இருக்கட்டும். மெமரி நிரம்பாத வரை டெக்ஸ்ச்சர் எஃப்பிஎஸ்ஸைக் குறைக்காது, ஆனால் படம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. 6 ஜிபியும் அதற்குக் கீழும் என்றால் மீடியம். ஆட்டத்தின் நடுவில் இதை மாற்ற முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு: மெயின் மெனுவுக்கு வந்துதான் மாற்ற வேண்டும்.

ஃபிலிம் கிரெயின், குரோமாடிக் அபெரேஷன், மோஷன் ப்ளர் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது, ஆனால் கண்ணாடியைத் துடைத்த மாதிரி படம் தெளியும். இது என் ரசனை, சிலருக்கு கிரெயின் பிடிக்கும்.

கடைசியாக எஃப்பிஎஸ்ஸை 60-ல் நிறுத்துங்கள். 75-க்கும் 50-க்கும் இடையே குதிப்பதைவிட 60-ல் நிற்பது கண்ணுக்கு இதம். 60 வரவில்லை, மானிட்டர் 120 ஹெர்ட்ஸ் என்றால் 40-ல் நிறுத்திப் பாருங்கள். ஒரு ஃபிரேமுக்கு 30-ல் 33.3 மில்லிசெகண்ட், 60-ல் 16.7. 40 என்றால் 25, இரண்டுக்கும் சரியாக நடுவில். நிறைய பேர் இதை முயன்றே பார்ப்பதில்லை.

எல்லாம் லோவில் வைத்தும் 45-க்கு மேல் ஏறவில்லை. ஏன்?

ஆஃப்டர்பர்னரில் ஜிபியூ சதவீதத்தைத் திரையில் தெரிய வையுங்கள். 97, 98 என்று நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது, கிராபிக்ஸைக் குறைத்தால் பலன் உண்டு. 60, 65-ல் நின்றால் கார்டு சும்மா காத்திருக்கிறது, பிராசஸர் திணறுகிறது. அப்போது நிழலைக் குறைத்து என்ன பயன்? செட்டிங்ஸில் இருக்கும் கிரவுட் டென்சிட்டியை (தெருவில் நடக்கும் கூட்டத்தின் அளவு) மீடியம் அல்லது லோ ஆக்குங்கள், இது பலர் கண்ணில் படுவதில்லை. பிறகு ரேம் டூயல் சேனலில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பிரவுசரில் முப்பது டேப் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டால் படம் கெடுமா?

குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, பெரிதாக்கிக் காட்டுவதுதான் இரண்டும். 1080பி-யில் குவாலிட்டி என்றால் உள்ளே 720பி-யில் ஓடுகிறது. பெர்ஃபார்மன்ஸ் என்றால் வெறும் 540பி, அது தெரியவே செய்யும். 1080பி மானிட்டரில் குவாலிட்டிக்குக் கீழே இறங்க வேண்டாம். 1440பி என்றால் பேலன்ஸ்ட் வரை போகலாம். என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு என்றால் டிஎல்எஸ்எஸ் எடுங்கள். 2025 ஜனவரியில் வந்த 2.21 அப்டேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் மாடல் என்ற புது ஏஐ முறை சேர்ந்த பிறகு படம் கண்கூடாகத் தெளிந்திருக்கிறது.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு. இரண்டு உண்மை ஃபிரேமுக்கு நடுவே ஒன்றைத் தானாக உண்டாக்கிச் சொருகுவது. அதில்லாமலே 50, 60 வருகிறது என்றால் போடுங்கள், நன்றாக இருக்கும். 28-ஐ 50 ஆக்கிக் காட்டினால் படம் சீராகத் தெரியும், மவுஸ் மட்டும் தண்ணீருக்குள் நகர்வது போல இருக்கும்.

ரே டிரேசிங்?

16 ஜிபி கார்டு இருந்தால் ரிஃப்ளெக்ஷன்ஸை மட்டும் போட்டுப் பாருங்கள், மீதியை விடுங்கள். இது பிராசஸருக்கும் கூடுதல் வேலை. பாத் டிரேசிங்கை (ரே டிரேசிங்கின் உச்ச நிலை) போட்டோ மோடில் ஒரு படம் எடுக்க ஆன் செய்து ரசித்துவிட்டு ஆஃப் செய்துவிடுங்கள்.

வீட்டில் இடம் இல்லை, லேப்டாப் வாங்கலாமா?

ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீட்டில் அது நியாயமான முடிவு. ஆனால் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060 என்பது 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். கடைக்காரரிடம் எத்தனை வாட் என்று கேளுங்கள். மெத்தை மேல் வைத்து ஆடாதீர்கள், பின்பக்கம் ஒரு அங்குலம் தூக்கி வையுங்கள்.

செகண்ட்ஹேண்ட் கார்டு வாங்கினால் எதைப் பார்ப்பது?

பில், வாரண்டி மிச்சம், சீரியல் ஸ்டிக்கர் கிழியாமல் இருப்பது. பிறகு மானிட்டர் மாட்டும் பக்கத்து இரும்புப் பட்டையையும் ஸ்க்ரூ தலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துருவோ பச்சைப் படிவோ இருந்தால் கடலோரத்தில் கவனிப்பில்லாமல் கிடந்த கார்டு. மைனிங் கார்டு என்று பயப்படுகிறார்கள். எத்தேரியம் மைனிங் 2022 செப்டம்பரோடு முடிந்துவிட்டது, அந்தக் காலத்துக் கார்டில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும். விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

பையன் கேட்கிறான். கரண்ட் பில் எகிறுமா தம்பி? (ஓர் அம்மாவின் கேள்வி)

கணக்கே போட்டுக் காட்டுகிறேன் அம்மா. கேம் ஓடும்போது மானிட்டரோடு 300 வாட். தினம் 3 மணி நேரம், 60 நாள். 0.3 பெருக்கல் 180 என்றால் 54 யூனிட், இரண்டு மாத ரீடிங்குக்கு. ஸ்லாப் மாறும் எல்லையில் உங்கள் வீடு இருந்தால் யூனிட் விலை ஏறும், அதைக் கடந்த பில்லில் பாருங்கள். கம்ப்ரஸர் ஓடும் 1.5 டன் ஏசியின் ஒரு மணி நேரம், பிசியின் நாலைந்து மணி நேரத்துக்குச் சமம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த கேம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பையன் ஒன்பதாவது படிக்கிறான் என்றால் பிசி வாங்கிக் கொடுங்கள், இந்த கேமை இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே பிசியில் ஓடுவதற்கு வயதுக்கேற்ற கேம்கள் நிறைய உண்டு.

ஜிடிஏ 6-க்காக இப்போதே பெரிய பிசி வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். ப்ரவுசிங் சென்டரில் வைஸ் சிட்டி ஆடி வளர்ந்தவன் நான், அந்த ஆவல் எனக்கும் உண்டு. ஆனால் ஜிடிஏ 5 கன்சோலில் வந்தது 2013 செப்டம்பர், பிசிக்கு வந்தது 2015 ஏப்ரல். அதே கம்பெனியின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலில் 2018 அக்டோபர், பிசியில் 2019 நவம்பர். பிசிக்கான தேவைப் பட்டியல் வெளிவந்த பிறகு வாங்கினால் அதே காசுக்கு இன்னும் நல்ல கார்டு கிடைக்கலாம்.

70 ஜிபியை மொபைல் டேட்டாவில் எப்படி இறக்குவது?

நண்பன் வீட்டு வைஃபையில் உங்கள் ஸ்டீம் அக்கவுண்ட்டில் இறக்கி, ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காமன் என்பதில் இருக்கும் கேம் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்து வாருங்கள். வீட்டில் அதே இடத்தில் போட்டுவிட்டு ஸ்டீமில் இன்ஸ்டால் அழுத்தினால், இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்து விடுபட்டதை மட்டும் இறக்கும். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீமில் காசைத் திரும்பக் கேட்கலாம். அதனால் முதல் நாள் கதையைத் தொடங்காமல் பெஞ்ச்மார்க்கை மட்டும் ஓட்டி, உங்கள் பிசிக்குத் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே வெயில் காயும்போது ஓட்டிப் பாருங்கள்.